பதினெட்டாம் வருடத்துக் கட்டு

கார்த்திகை 1, திங்கள்

மாலை போட்டாயிற்று. பதினெட்டாவது வருடம்! எழுதும்போதே கை துள்ளுகிறது.

டைரியின் முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டுமாம். எழுதிவிடுகிறேன். சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை. மனைவி தெய்வானை. கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம்தான் என்று நான் சொல்கிறேன். தெய்வானையிடம் இதைக் காட்டப்போவதில்லை.

சபரிமலைக்குப் பதினெட்டாவது வருடம் போகிறவர் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துபோய் அங்கே நட வேண்டும். நட்டால் அவரும் குருசாமி. இதைத்தான் பதினேழு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்று விடியற்காலை பிள்ளையார் கோவிலில் மாலையைப் போட்டுவிட்டு எங்கள் குப்பண்ண குருசாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கன்னு நட்டா எல்லாரும் குருசாமின்னு கூப்புடுவாங்க. அது வேறீங்க சாமி. என்ற முட்டி தேஞ்சு போச்சு, எனக்கு இதுதான் கடைசி மலை. இருமுடிக் கட்டு கட்டற பொட்டிய பக்குவப்பட்ட ஆள் கையிலதான் குடுப்பேன். அப்படி ஆளில்லைன்னா கவுந்தப்பாடிக் குழுகிட்டக் குடுத்துட்டு, நம்ம சாமிங்களையும் அவங்களோட சேத்தி உட்டுருவேன்."

கவுந்தப்பாடிக் குழுவா! பஜனையில் மைக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கூட்டத்திடமா!

"பக்குவத்துக்கு அடையாளம் என்னங்க சாமி?" என்று கேட்டேன்.

"வந்தா உங்களுக்குத் தெரியாதுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

எனவேதான் இந்த டைரி. அடையாளம் தென்படத் தென்பட எழுதிவைக்கப் போகிறேன்.

கார்த்திகை 3, புதன்

காப்பியில் சர்க்கரையே இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்தேன். அடையாளம் ஒன்று.

தெய்வானையைக் கூப்பிட்டு, "என்கிட்ட ஏதாவது மாத்தம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதுங்க சாமி. டம்ளர்ல சோப்பு அப்படியே இருக்குது."

மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் இவள் கூப்பிடும் விதத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது.

கார்த்திகை 6, சனி

என்ன சொல்ல! யாரிடம் சொல்ல!

சாயங்காலப் பஜனைக்குப் போனால், புது மாலையும் கறுப்பு வேட்டியுமாய்க் கன்னிசாமிகள் வரிசையில் நிற்பது நாச்சிமுத்து. என் தங்கை பூங்கொடியின் புருஷன்.

ஆறு வருடமாக நான் இந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. காரணத்தை எழுதிவைக்கிறேன், படிக்கிறவர்களே நியாயம் சொல்லட்டும். அவர்கள் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு மோட்டாரை முடித்துக் கொடுத்துவிட்டுச் சற்றே பிந்திப் போனேன். போய்ப் பார்த்தால் பிள்ளை யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது, காதில் ரத்தம். "நேரம் முடியப்போகுதுன்னாங்க மச்சான்" என்றான் நாச்சிமுத்து. சீர்த்தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தவன்தான். தாய்மாமன் மடி இல்லாமல் ஒரு காதுகுத்தா?

இன்று அந்த ஆள் நேராக என்னிடம் வந்து, "சாமி சரணம்" என்று காலில் விழுந்தான். எங்கள் வழக்கப்படி மாலை போட்டவர் விழுந்தால் நாமும் அவர் காலில் விழ வேண்டும். முழுக்கூட்டமும் பார்க்கிறது. குப்பண்ண குருசாமியும் பார்க்கிறார்.

விழுந்தேன். மாலையைப் பார்த்துத்தான் விழுந்தேன், ஆளைப் பார்த்து அல்ல. எழுந்திருக்கும்போது குறுக்குப் பிடித்துக்கொண்டது. தூக்கிவிட்டதும் அவன்தான்.

கார்த்திகை 7, ஞாயிறு

குறுக்குவலி. இது அடையாளத்தில் சேருமா என்று தெரியவில்லை.

கார்த்திகை 13, சனி

முதல் தடவை மலைக்குப் போகிற கன்னிசாமி, குழுவையே வீட்டுக்கு அழைத்துப் பூசை செய்து சாப்பாடு போட வேண்டும். இன்று நாச்சிமுத்து வீட்டில். போகாமல் இருந்தால் பெட்டி கவுந்தப்பாடிக்குப் போய்விடும். போனேன்.

பூங்கொடிக்குக் கொஞ்சம் நரை வந்துவிட்டது. எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டு வந்தவள், என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"சாமிக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்தட்டுங்களா?"

"போதுங்க சாமி" என்றேன். அவள் மாலை போடவில்லை, வாயில் வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் களுக்கென்று சிரித்தார். பூங்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பெண்தான் யாழினியாக இருக்க வேண்டும். நல்ல உயரம். காதில் சின்னத் தோடு. நான் தோட்டைப் பார்க்கவில்லை.

பாயசத்தில் ஏலக்காய் சரியாக இருந்தது. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

கார்த்திகை 22, திங்கள்

விரதத்தில் யாரையும் திட்டக் கூடாது. ஆனால் இன்று ஒருவர், நான் போன வாரம்தான் காயில் கட்டிக் கொடுத்த மோட்டாரைத் தண்ணீரில்லாத கிணற்றில் ஓடவிட்டுக் கருக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வாயைத் திறந்தேன். "சாஆஆமியே!" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார். எதிரே பூக்கடைக்காரம்மா, "இன்னைக்கு சரணம் ரொம்பக் காரமா இருக்குதுங்களே சாமி" என்றாள்.

சொல் சுத்தமான சொல்தான். பாதி அடையாளம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்கழி 2, புதன்

தென்னங்கன்று வந்துவிட்டது! நாலு ஓலை. தெருவில் எல்லாரிடமும் காட்டினேன். தண்ணீர் ஊற்றும் சாக்கில் போய்ப் போய்ப் பார்த்தேன். "அதுக்கும் மாலை போட்டு உட்டுருங்க சாமி" என்கிறாள் தெய்வானை.

மார்கழி 19, சனி

இன்று கட்டு நிறை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

குருசாமிக்கு முட்டியை மடக்கிக் கீழே உட்கார முடியவில்லை. "நீங்களே கட்டுங்க சாமி, பாக்கறேன்" என்று பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பாக்கறேன்! அந்த ஒரு வார்த்தை போதாதா? என் கால் தரையில் படவில்லை.

ஒவ்வொரு சாமியும் வீட்டாரோடு வந்து உட்காருவார். தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து இளநீரை வடித்து, உள்ளே நெய் ஊற்றி, தக்கை வைத்து அடைப்போம். அது பையின் முன்முடிக்குள், சாமிக்கு. வீட்டார் கட்டித்தரும் வழிச்சாப்பாடு பின்முடிக்குள், நமக்கு. நடுவில் இறுக்கிக் கட்டினால் தலையில் வைக்கும் இருமுடி தயார். எல்லாப் பையும் ஒரே கருநீலத் துணியில் ஒரே டெய்லர் தைத்தது. பேர் எழுதி ஒட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். "யார் கட்டு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் மிஞ்சியது நாச்சிமுத்து கட்டும் என்னுடையதும். என்னுடையதற்குத் தெய்வானையும் நானும் நெய் ஊற்றினோம். ஒரே ஒரு தேங்காய். யார் பேருக்கு என்று குருசாமி கேட்டார். "என்ற பேருக்குத்தானுங்க" என்றேன். பதினெட்டாம் வருடத்தில் வேறு யார் பேருக்கு? அப்புறம் நாச்சிமுத்துவும் பூங்கொடியும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நெய் ஊற்றியபோது நான் மேற்கே திரும்பித் தென்னங்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ முணுமுணுவென்று வேண்டிக்கொண்டார்கள். காதில் வாங்கவில்லை. முடிந்தது என்றதும் கையை நீட்டி இரண்டு பையையும் இழுத்து, முகத்தைத் திருப்பியபடியே மளமளவென்று கட்டி முடித்தேன். கண்ணால் பார்க்காமலே கட்டும் அளவுக்குக் கை தேறிவிட்டது!

என் தலையில் கட்டை ஏற்றியது குருசாமி. அப்பா, என்ன கனம்! போன வருடம் இப்படி இல்லை. பதினெட்டாம் வருடத்துக் கனம் இதுதான் போலிருக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது. இது சந்தேகமே இல்லாத அடையாளம்.

மார்கழி 20, ஞாயிறு, எருமேலி

உடம்பெல்லாம் கலர்ப்பொடி. இந்தப் பக்கத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

எருமேலியில் பேட்டை துள்ளல் என்றால் வெட்கத்தை, தங்கிய விரிப்பந்தலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இருமுடிகளையும் அங்கேயே இறக்கிவைத்தோம். முகத்தில் பச்சை, சிவப்பு, நீலம். இடுப்பில் இலைக்கொத்து. கையில் மரக்கத்தி. செண்டைமேளம் காதைப் பிளக்க, "சாமி திந்தகத்தோம்! ஐயப்ப திந்தகத்தோம்!" என்று தெருவை அடைத்துக்கொண்டு ஆடினோம். கறிகாய் கட்டிய கம்பளியை ஒரு மூங்கிலில் தொங்கவிட்டு இரண்டு பேர் தோளில் சுமந்தபடி ஆட வேண்டும். முன்முனை என் தோளில். பின்முனையில் யாரோ ஒரு நீலமுகம்.

யாராயிருந்தால் என்ன, அப்படி ஒரு ஆட்டக்காரர்! நான் குதித்தால் அவரும் குதிக்கிறார், நான் சுற்றினால் அவரும் சுற்றுகிறார், ஒரு கத்தரிக்காய்கூடக் கீழே விழவில்லை. ஓர் இடத்தில் இரண்டு பேரும் மூச்சு முட்டிச் சிரித்தோம். ஒரு நிமிடம் நான் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. மேளம் மட்டும் இருந்தது.

ஓடையில் குளிக்கும்போது பார்த்தால் நீலம் கரைந்து வருகிறது, உள்ளேயிருந்து நாச்சிமுத்து வருகிறான்.

பொடி மறைத்துவிட்டது. இல்லையென்றால் நான் ஆடியிருக்கவே மாட்டேன். அவனுடைய இடது கால் லேசாகச் சாய்ந்து விழும் நடையை நான் கவனிக்கவில்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்கழி 21, திங்கள், கரிமலை

குருசாமி வண்டியில் பம்பைக்குப் போய்விட்டார். காட்டுப்பாதையில் குழுவுக்கு நான்தான் தலைமை. ஒரு கையில் தென்னங்கன்று. தலையில் இந்த வருடத்துக் கட்டு. கரிமலை ஏற்றத்தில் கழுத்து உள்ளே போய்விட்டது.

"கன்னை நான் கொண்டு வரட்டுங்களா சாமி?" என்று நாச்சிமுத்து வந்தான். "கன்னிசாமி தொடக் கூடாதுங்க சாமி" என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று தெரியாது. இன்று முதல் இருக்கிறது.

உச்சியில் உட்கார்ந்து எல்லாரும் பின்முடியை மட்டும் அவிழ்த்து வழிச்சாப்பாட்டை எடுத்தோம். என் பையில் கையை விட்டால் பொரிவிளங்காய் உருண்டை! கல்லுமாதிரி. சுக்கு தூக்கலாக, தேங்காய்ப் பல் வறுத்துப் போட்டது. இது எங்கள் வீட்டுப் பக்குவம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெய்வானைக்கு இது கைகூடியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் உதிர்ந்துபோகும். எப்போது கற்றாள்? கடைவாயில் ஒதுக்கி, நாக்கில் சுக்கு ஏற ஏற, நான் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் கொடுத்தேன். நாச்சிமுத்துவுக்கும்கூட ஒன்று கொடுத்தேன். "என்ற ஊட்டுக்காரி புடிச்சது. சாப்புட்டுப் பாருங்க சாமி, இந்த ருசி எங்கியும் கெடைக்காது" என்றேன்.

அவன் உருண்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாயில் போட்டுக்கொண்டு, "ஆமாங்க சாமி, நல்லாருக்குது" என்றான்.

சற்று நேரம் கழித்துத் தன் கட்டிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்துவந்து நீட்டினான். "கழுத்து வலிக்குதுன்னீங்களே, இது ஆகுமுங்களா?" நான் போடும் அதே தைலம். பரவாயில்லை, தைல விஷயத்தில் ஆளுக்கு விவரம் இருக்கிறது. தேய்த்தும் விட்டான். மாலைக்காகத்தான் தேய்த்துக்கொண்டேன்.

மார்கழி 22, செவ்வாய், பம்பை

குளிர்ந்த தண்ணீர். குருசாமியைக் கண்டதும் எல்லாருக்கும் உற்சாகம். என் அடையாளங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்கழி 23, புதன், சன்னிதானம்

எங்கிருந்து ஆரம்பிப்பது? இன்னும் விக்கல் நிற்கவில்லை.

பதினெட்டுப் படி ஏறினோம், கண்குளிரப் பார்த்தோம். அது எழுதுகிற விஷயமில்லை. அப்புறம் ஓரமாகத் துண்டை விரித்து, நடுவில் பெரிய பித்தளைத் தூக்கை வைத்து, ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தோம். தேங்காயை உடைத்து நெய்யைத் தூக்கில் ஊற்ற வேண்டும். எல்லாருடைய நெய்யும் ஒன்றாகத்தான் அபிஷேகத்துக்குப் போகும். உடைக்கும்போது யார் பேருக்கு என்று குருசாமி கேட்பது எங்கள் குழு வழக்கம்.

என் முறை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்முடியை அவிழ்த்தேன். ஒரு தேங்காயை எடுத்தேன். உள்ளே இன்னொரு தேங்காய்.

"ரெண்டு இருக்குதுங்க?" என்றார் குருசாமி. "யார் யார் பேருக்கு?"

"ஒண்ணுதானுங்களே ஊத்தினேன்." தேங்காய் குட்டி போட்டதா?

பக்கத்திலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம். "அது என்ற கட்டுங்க சாமி" என்றான் நாச்சிமுத்து.

கோபியிலிருந்து கரிமலை வழியாக, கழுத்து முறிய, கண்ணீர் விட்டு, கர்வப்பட்டு நான் தலையில் சுமந்து வந்தது இந்த ஆளின் கட்டு! முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டியதில் மாறிப்போயிருக்கிறது. கன்னிசாமி தலையில் பதினெட்டாம் வருடத்துக் கட்டு. பதினெட்டாம் வருடத்துச் சாமி தலையில் கன்னிக்கட்டு.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று குருசாமி அவனைக் கேட்டார்.

"கரிமலையிலீங்க. பையத் தொறந்தா தெய்வானையக்கா முறுக்கும் இவுரு தைலமும் இருந்துச்சு. சொல்லலாம்னுதான் வந்தேன். இவுரு பூங்கொடி புடிச்ச உருண்டைய வாயில போட்டுட்டு அப்படிச் சிரிச்சாருங்க. ஆறு வருசத்துல இவுரு சிரிச்சு நான் பாக்கலை. சொல்ல மனசு வரலீங்க."

"சரி, இந்த ரெண்டு தேங்காயும் யார் பேருக்கு?"

"ஒண்ணு யாழினி பேருக்குங்க." நிறுத்தினான். "இன்னொண்ணு பூங்கொடி அவ அண்ணன் பேருக்கு ஊத்துனது. அவரு நல்லாருக்கோணும், ஊட்டுக்கு வரோணும்னுதான் வேண்டுனா. அதுக்காவத்தான் என்னைய மாலை போடச் சொன்னதே."

என் பேருக்கு ஊற்றிய நெய்யை நானே சுமந்து வந்திருக்கிறேன். அதுவும் எதிராளி கட்டில். அதுவும் கனமாயிருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டு!

கோபம் வர வேண்டிய இடம் இது. வந்ததோ சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக வந்து, நான் துண்டின்மேலேயே சாய்ந்துவிட்டேன். நாச்சிமுத்துவுக்கும் தொற்றிக்கொண்டது. ஆந்திராக்காரச் சாமிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிரித்துக்கொண்டேயிருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நாச்சிமுத்து என் முதுகைத் தட்டினான். இந்தத் தடவை மாலைக்காக என்று எழுத வரவில்லை.

"ஏஞ்சாமி, மாத்திக் கட்டிட்டேனே, குத்தமாயிருமுங்களா?" என்று விக்கலோடு கேட்டேன். குருசாமி என் ஒற்றைத் தேங்காயையும் அவர்கள் இரண்டையும் உடைத்து நெய்யைத் தூக்கில் ஊற்றினார். "இதுல உங்களுது எது, அவுங்களுது எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க, சொல்றேன்" என்றார்.

தென்னங்கன்றுக்குக் குழி தோண்டியது நாச்சிமுத்து. பிடித்துக்கொண்டது நான். மண் தள்ளியது இரண்டு பேரும்.

மார்கழி 25, வெள்ளி

ஊர் வந்து மாலையைக் கழற்றியாயிற்று. வண்டியில் வரும்போது எனக்கு ஒரே கவலை. இதுவரை சாமி, சாமி என்று கூப்பிட்டு ஒப்பேற்றிவிட்டேன். மாலை போனபிறகு அந்தச் சொல் போய்விடும். அப்புறம் எப்படிக் கூப்பிடுவது? பவானி தாண்டியதிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

கோவில் வாசலில் நாச்சிமுத்து வந்து நின்றான். "அப்ப நான் வரனுங்க..." என்று இழுத்தான். அவனுக்கும் அதே சிக்கல்.

"ஏ மாப்ள!" என்று கத்தினேன். கோவில் புறாக்கள் பறந்தன. "அந்த உருண்டை ஊட்டுல மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுங்க மச்சான்!"

வீட்டுக்கு வராமல் நேராக அங்கே போய்விட்டேன். தெய்வானை போன் செய்து, "மலையிலிருந்து எறங்கிட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள். வாயில் இரண்டாவது உருண்டை இருந்தது.

தை 9, வெள்ளி

டைரியைப் பல நாள் தொடவில்லை. மறந்தே போயிற்று. மோட்டார் சீசன் வேறு.

யாழினி இப்போது காதில் இரண்டாவது ஓட்டை போட வேண்டும் என்கிறாளாம். அதுதான் இப்போது பழக்கமாம். "பியூட்டி பார்லர்ல போய் ஒரு நிமிசத்துல குத்திக்கலாம்" என்றிருக்கிறாள் பூங்கொடி. மகள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "மாமா மடியிலதான் குத்துவேன்."

இன்று ஒன்பது மணிக்குக் காதுகுத்து. நான் ஆறு மணிக்கே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டேன். பூங்கொடி இன்னும் வாசலே தெளிக்கவில்லை. "அண்ணா, ஆசாரி வர இன்னும் நேரமிருக்குது, எந்திரிச்சு காப்பியாவது குடி" என்றாள். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். காப்பியில் சர்க்கரை இருந்ததா என்று கவனிக்கவில்லை.

ஒன்பது வயதுப் பெண் மடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அவள் கால் தரையில் நீண்டு கிடக்கிறது, அவள் தலை என் மூக்கை இடிக்கிறது. வந்தவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். நாச்சிமுத்து செல்போனில் படம் எடுக்கிறேன் என்று தன் கட்டைவிரலையே எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆசாரி குத்தும்போது அவள் அழவில்லை, என் கையைக் கிள்ளினாள். நான்தான் "ஐயோ" என்றேன்.

குப்பண்ண குருசாமியும் வந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அடையாளம் அடையாளம்னு கேட்டுட்டே இருந்தீங்களே, இப்பக் கேக்கறதே இல்லீங்களா?"

"என்ன அடையாளமுங்க?" என்றேன். சத்தியமாக எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. யாழினி தலையை ஆட்டாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் மனசில் இருந்தது.

அவர் முட்டியைத் தட்டிக்கொண்டு அப்படிச் சிரித்தார், ஆசாரியே திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து கட்டு கட்டும் பெட்டியை எடுத்து என் பக்கத்தில் பாயில் வைத்தார். "அடுத்த கார்த்திகைக்கு எடுத்து வெச்சுக்குங்க. பேரு மட்டும் எழுதி ஒட்டிருங்க சாமி" என்றார்.

எழுந்து அவர் காலில் விழ வேண்டும். முடியவில்லை. யாழினி இறங்க மாட்டேன் என்று இன்னும் மடியில்தான் இருந்தாள், இடது கால் முழுக்க மரத்துவிட்டது.

இரவுச் சாப்பாடு முடிந்து இதை எழுதுகிறேன். இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.